சில்வியா ஏன் இவ்வளவு லேசு?

1866 மே 16 அன்று சென்னை வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் கண்டுபிடித்த பெரிய சிறுகோள் சில்வியா. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றுகிறது. அதன் சராசரி விட்டம் சுமார் 270 கிலோமீட்டர். நேர்கோட்டில் தென்காசி–திருச்சி தூரத்தைவிடச் சற்று அதிகம். குற்றாலத்துப் பாறை, அதே அளவு தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனமானது. சில்வியாவோ ஒன்றரை மடங்குகூட இல்லை. தராசில் வைக்காமல் இது எப்படித் தெரியும்? 2001, 2004ஆம் ஆண்டுகளில் கண்டறிந்த அதன் இரு நிலாக்கள் சுற்றும் வேகமே நிறையைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

உள்ளே பனிக்கட்டி இருக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவு இருக்கலாம்தான். ஆனால் அந்த நிலாக்கள் பழைய மோதலின் சிதறல்களாகவே கருதப்படுகின்றன. ஆகவே சில்வியா, உடைந்த துண்டுகள் இடைவெளிகளோடு மீண்டும் சேர்ந்த குவியல் என்பதே பொருத்தமான விளக்கம். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை சுழன்றும் சிதறாமல் அதன் ஈர்ப்பே கட்டிவைத்திருக்கிறது. தென்காசி ஆசிரியர்களே, சிறுகோள் பாடத்தைச் சில்வியாவிலிருந்தே தொடங்குங்கள்.