நோயின் பெயர் தெரியும் முன்பே

பருவகாலக் காய்ச்சல் ஒன்று பரவுகிறது என்று ஆய்வகம் உறுதி செய்வதற்குச் சில நாள்களாவது ஆகும். அதற்குள் காய்ச்சல் கண்டவர்கள் பலர் மருத்துவமனைக்கு வந்து போயிருப்பார்கள். அவர்கள் சொல்லும் தொல்லைகளை அன்றன்றே எண்ணிப் பார்த்தால் என்ன? அமெரிக்காவின் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2001 முதல் இதைச் செய்துவருகிறது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் 'காய்ச்சல், இருமல்' என்றோ 'மூச்சு வாங்குகிறது' என்றோ சொல்வது பதிவாகிறது. வயது, பாலினம், வசிப்பிடத்தின் அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றுடன் இப்பதிவு நாள்தோறும் சுகாதாரத் துறைக்குச் செல்கிறது. நோயாளியின் பெயர் செல்வதில்லை. கணினி இவற்றைக் காய்ச்சல், மூச்சுக் கோளாறு, வயிற்றுப்போக்கு, வாந்தி என வகை பிரித்து, வழக்கமான அளவோடு ஒப்பிடுகிறது.

இந்த ஒப்பீடுதான் முக்கியம். ஐம்பது பேர் இருமலோடு வந்தார்கள் என்ற செய்தி மட்டும் எதையும் சொல்லாது. குளிர்காலத்தில் அது இயல்பாக இருக்கலாம். கோடையில் அதே எண் எச்சரிக்கை ஆகலாம். வட அமெரிக்காவில் ஆண்டுதோறும் செப்டம்பரில் ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் கூடுகிறார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்பறைகளில் பரவும் சளிக் கிருமிகள் இதற்கு ஒரு பெரிய காரணம். இதை முன்கூட்டியே அறிந்திருப்பதால், அங்கே பள்ளி திறக்கும்போதே ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் மருந்தைச் சரிபார்க்கும்படி பெற்றோருக்கு நினைவூட்ட முடிகிறது.

இத்தனை ஏற்பாடு இருந்தும், புதிய ஹெச்1என்1 காய்ச்சல் தன் நகருக்குள் பரவுவதை நியூயார்க் அறிந்தது ஒரு பள்ளியின் வழியாகத்தான். 2009 ஏப்ரல் 23 அன்று குவீன்ஸ் பகுதிப் பள்ளி ஒன்றின் செவிலியர், ஏறத்தாழ 100 மாணவர்களுக்கு உடல்நலமில்லை என்று சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். சில நாள்களில் ஆய்வகம் கிருமியை உறுதி செய்தது. செய்தி பரவியதும் லேசான காய்ச்சல் உள்ளவர்களும் அச்சத்தில் மருத்துவமனைகளில் திரண்டனர். அந்த நாள்களின் எண்ணிக்கையில் நோய் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்தறிவது எளிதாக இல்லை.

இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியது. கிராமச் சுகாதாரப் பணியாளர் அறிகுறிகளையும், மருத்துவர் தாம் கருதும் நோயையும், ஆய்வகம் தன் முடிவையும் தனித்தனியே பதிவு செய்வது இதன் அமைப்பு.

நம் கையில் வருகைப் பதிவேடு இருக்கிறது. விடுப்புக் கடிதத்தில் வரும் 'காய்ச்சல்' எல்லாம் காய்ச்சல் அல்ல என்பதும் நமக்குத் தெரியும்! ஆனாலும் ஒரே வகுப்பில் வழக்கத்துக்கு மாறாக நாலைந்து பேர் ஒரே தொல்லையால் வராதபோது, தலைமையாசிரியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே சொல்லிவிடலாம். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தத் தெரு, எந்த நாளிலிருந்து, என்ன தொல்லை என்பவை போதும். என்ன நோய் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.