ஏற்காடு மலையில் மழையோடு சைக்கிள் பயணம்! ஏறுவது கஷ்டம், இறங்குவதுதான் ஆபத்து

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. சேலம் அஸ்தம்பட்டியில் டீக்கடைகள் திறக்கிற நேரம். மழை தூறிக் கொண்டு இருக்கிறது.

பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் வரிசையாக கோரிமேட்டுப் பக்கம் போகின்றன. தலையில் ஹெல்மெட். பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு.

"இந்த மழையில இவங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்கத் தோன்றும்.

வேலை இருக்கிறது. இவர்களும் நம்மைப்போல ஆபீசுக்குப் போகிறவர்கள், கடை நடத்துகிறவர்கள்தான். வாரத்துக்கு ஒரு நாள் ஏற்காடு மலையை சைக்கிளில் ஏறிப் பார்க்கிறார்கள்.

20 வளைவு

சேலத்தில் இருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு ஊர் கடல் மட்டத்தில் இருந்து 4 ஆயிரத்து 970 அடி உயரம். சேலத்தில் புறப்பட்டவன் சுமார் 4 ஆயிரம் அடி உயரத்தை காலால் மிதித்தே ஏறவேண்டும்!

அதோடு மலை முடிந்துவிடாது. சேர்வராயன் கோவில் இன்னும் உயரம். 5 ஆயிரத்து 326 அடி. தலைச்சோலை போன்ற மலைக் கிராமங்களுக்கு, காபி தோட்டங்களுக்கு நடுவே ரோடு ஏறி ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் மூடுபனி வந்துவிட்டால் எதிரே வருவது பஸ்சா, மாடா என்றே தெரியாது.

இதற்கும் மேலே ஆசைப்படுகிறவர்கள் உண்டு. "பிரெவே" என்று ஒரு நீண்டதூரப் பயணம் இருக்கிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 600 கிலோமீட்டர் என்றால் 40 மணி நேரம். இதில் பரிசு, முதல் இடம் எதுவும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

இதற்கெல்லாம் தாய்வீடு பிரான்ஸ். பாரீசில் இருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணம் 1891-ல் தொடங்கியது. 2007-ல் மழை விடாமல் பெய்தது. அனுபவசாலிகள் பலரே பாதியில் விலகிக் கொண்டார்கள்.

நம் பக்கத்தில் 2008-ல் "டூர் ஆப் நீலகிரீஸ்" தொடங்கியது. அதில் மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி மலைப்பாதையை கூட்டமாக ஏறுவார்கள்.

இறங்கும்போது...

மலை ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்கால் வலிக்கும். ஆனால் வேகம் நடக்கிற வேகம்தான். விழுந்தாலும் சிராய்ப்போடு போகும்.

இறங்கும் கதை வேறு. 2024 ஏப்ரல் 30-ந்தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிய பஸ், 13-வது வளைவில் கவிழ்ந்து உயிர்ப்பலி வாங்கியது. அன்று மழைகூட இல்லை.

மழை பெய்தால் சைக்கிளுக்கு என்ன ஆகும்? சாதாரண சைக்கிளில் பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மை பிடிக்கிறது. ரிம்மில் தண்ணீர் இருந்தால் கட்டை வழுக்கும். சில சுற்று சுற்றி, தண்ணீர் துடைக்கப்பட்ட பிறகுதான் பிடி கிடைக்கும்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் சுமார் 7 அடி போய்விடும். நாலு சுற்று என்றால் 28 அடி! அதற்குள் வளைவு வந்துவிடும். வளைவுக்கு அப்பால் பள்ளம்.

அதனால் பழகினவர்கள் வழி நெடுக பிரேக்கை லேசாகத் தொட்டுத் தொட்டு, தண்ணீரைத் துடைத்துக் கொண்டே வருவார்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைப்பார்கள். வளைவுக்குள் போனபிறகு பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கி ஆளைத் தூக்கி எறியும்.

டிஸ்க் பிரேக் இருந்தால் இந்த தொல்லை குறைவு. ஆனால் டயரே வழுக்கினால் எந்த பிரேக்கும் கைகொடுக்காது. நாலைந்து நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை ரொம்ப மோசம். ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து சோப்பு போட்ட மாதிரி ஆகிவிடும். ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, உதிர்ந்த இலை, இரண்டும் எமன்!

கூட்டத்துக்கு ஒழுங்கு

சமவெளியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் காற்று மறையும், களைப்பு குறையும். மழையில் இறங்கும்போது அந்த வித்தை கூடாது. முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரம் தூக்கி அடிக்கும் சேற்றுத் தண்ணீர் கண்ணை மறைக்கும். முன்னால் ஒருவர் விழுந்தால் பின்னால் வரும் அத்தனை பேரும் விழுவார்கள். ஆளுக்கு ஆள் நல்ல இடைவெளி வேண்டும். பாதுகாப்பான இடத்தில் நின்று தலையை எண்ண வேண்டும். ஒரு தலை குறைந்தால் யாரும் நகரக்கூடாது.

கார், பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலை ரோட்டில் ஏறி வருகிறவருக்குத்தான் முதலில் வழி விடவேண்டும். அது சைக்கிளாக இருந்தாலும் சரி.

திரும்பி வந்தாலும் வெற்றிதான்

பெருமழை பெய்தால் போகவே கூடாது. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மண்ணும் பாறையும் ரோட்டில் சரிந்து போக்குவரத்தே நின்றது. மலையில் மண் சரியும்போது சைக்கிள்காரன் கெட்டிக்காரத்தனம் எதுவும் பலிக்காது. அடிவாரத்தில் இருந்து திரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் போகும். மலை எங்கேயும் போகாது.

பேப்பர் வைத்தியம்

கடைசியாக ஒரு யோசனை. ஏறும்போது வேர்த்த உடம்பு, இறங்கும்போது குளிர்காற்றில் நடுங்கும். விரல் மரத்துப் போனால் பிரேக் பிடிக்க முடியாது. ஐரோப்பாவில் பெரிய பந்தய வீரர்களே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மலை உச்சியில் நியூஸ் பேப்பரை வாங்கி, சட்டைக்குள் நெஞ்சை மூடி வைத்துக் கொண்டு இறங்குவார்கள். காற்று உள்ளே புகாது. மேலே மழைக்கோட்டு போட்டால் பேப்பர் நனையாது.

வீட்டில் மலை ஏறுகிற பிள்ளை இருந்தால், இந்த பேப்பரைப் படித்து முடித்ததும் பொட்டலம் கட்டப் போட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வையுங்கள்!