பெயர், உப்பு, கொடி

வடகரை மனிதர்கள் – 21

சென்ற வாரம் எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களில் வாரிய உப்பு, கால்வாய்ப் படகேறிச் சென்னைக்கு வந்த கதையைப் பார்த்தோம். இந்த வாரமும் உப்பை விட முடியவில்லை. பட்டாளத்துப் பேச்சில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. தரைப்படையில் இருந்தவர் யாரைக் கேட்டாலும் மூன்று இந்துஸ்தானிச் சொற்களைச் சொல்வார்: நாம், நமக், நிஷான். பெயர், உப்பு, கொடி.

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிப் பக்கமும் தொழிற்சாலை வாசல்களில் காவலுக்கு நிற்பவர்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, பேனாவை அதன் மேலேயே கிடத்திவிட்டு, குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து, "ஆல் ஓகே, சார்" என்பார்கள். பூட்டு, சாவி, மணல் வாளி, உள்ளே போன லாரி, இன்னும் வெளியே வராத லாரி எல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் அடக்கம். ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரிந்தும் "ஆல் ஓகே" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அந்த மனிதரின் வாய்ச்சொல்லுக்கு மதிப்பே கிடையாது. மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றிவிட்டுத் திருவொற்றியூரில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ரிப்போர்ட்ல பொய் வந்தா, பின்னாடியே பொணம் வரும் தம்பி."

பட்டாளத்து வாசகங்கள் உயிர் ஊசலாடும் இடத்தில் சொல்லப்படுபவை; அவை சுருக்கமாக இருப்பதற்கு முதல் காரணம் அதுதான். மூச்சிரைக்கும்போது சொல்ல முடிய வேண்டும். சத்தத்துக்கு நடுவே காதில் விழ வேண்டும். வேறு வேறு தாய்மொழிக்காரர்களுக்கு ஒரே மாதிரி புரிய வேண்டும். 1758இல் வேர்விட்ட மதராஸ் ரெஜிமெண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது அதன் மையம். தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் என்று எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடமையைச் செய்கையில் சாவதே மேன்மை என்று பொருள்படும் வடமொழி வாசகம் படையின் குறிக்கோள். ஆனால் மேட்டில் ஏறிப் பாயும்போது யாரும் அதை ஓதுவதில்லை. அப்போது கிளம்பும் குரல் வேறு: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" பஞ்சாபிலிருந்தோ பிகாரிலிருந்தோ வந்து இந்தப் படையில் சேர்ந்த அதிகாரியும் அதே சொற்களைத்தான் கத்திக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். குறிக்கோள் வாசகம் ஒரு படை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று சொல்கிறது. போர்முழக்கம் அந்தப் படைக்குள் யார் யாருடைய மொழிக்கு இறங்கி வருகிறார்கள் என்று சொல்கிறது. இரண்டாவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெயர், உப்பு, கொடிக்கு வருவோம். இதில் வரும் பெயர் சிப்பாயின் சொந்தப் பெயரைக் குறிப்பதில்லை. அவனுடைய பட்டாளத்தின் பெயரைக் குறிக்கிறது. உப்பு, சோறு போட்டவருக்குப் பட்ட கடன். கொடி, புழுதிக்கும் புகைக்கும் நடுவே தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும் அடையாளம். மூன்றுமே கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. தேசம், வரலாறு, மண்ணின் மானம் என்ற பெரிய சொற்களை மேடைகளில் கேட்கிறோம். பதுங்குகுழியில் கிடப்பவனை நிற்க வைப்பது பக்கத்தில் கிடப்பவன்தான். அவன் முன்னால் தலைகுனியக் கூடாது என்ற எண்ணம் அவனைப் பிடித்து நிறுத்துகிறது. வேற்று நாட்டுப் படைகளைப் பற்றி எழுதியவர்களும் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம் இது. நம் பட்டாளம் அதை மூன்று சொல்லில் வைத்திருக்கிறது.

இந்த மூன்றில் உப்பு நமக்கு அந்நியமில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிழக்கிந்தியக் கம்பெனி இந்த நம்பிக்கையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. சம்பளமும் சோறும் கொடுத்துவிட்டோம், இனி விசுவாசம் உங்கள் பொறுப்பு என்றது. அந்தக் கணக்கு எங்கே உடைந்தது என்று பார்த்தால் தேதிகள் அருகருகே கிடக்கின்றன. 1805இல் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் கம்பெனி அரசு தன் ஏகபோகத்துக்குள் கொண்டுவந்தது. 1806இல், கோட்டைக்கு வடக்கே கருப்பர் நகரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கால்வாயின் முதல் பகுதி முடிந்தது. அதே 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள்.

நெற்றியில் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, புது மாதிரித் தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று வந்த உத்தரவுதான் உடனடிக் காரணம். மே மாதத்திலேயே மறுத்துப் பேசியவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பிக் கசையால் அடித்தார்கள். அந்த அடியின் செய்தி வேலூருக்குத் திரும்பிப் போனது. கலகம் ஒரே நாளில் நசுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். உத்தரவை அரசு திரும்பப் பெற்றது. ஆளுநர் வில்லியம் பென்டிங்க்கை லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது. உப்புத் தின்றவன்மீது மட்டும் கடனை ஏற்றிவிட்டு, உப்பிட்டவன் தன் பங்கை மறந்தால் வாசகம் செத்துவிடும் என்பதை நம் மண்ணில் 1857க்கு அரை நூற்றாண்டு முன்பே எழுதிக் காட்டியாகிவிட்டது.

ஆகவே, பட்டாளத்து வாசகம் எதைக் கேட்டாலும் நான் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இதைச் சொல்கிறவர் தன்னை எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்?

இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் வாசகம் ஒன்று டேராடூனில் இருக்கிறது. 1932 டிசம்பர் 10 அன்று இந்திய ராணுவ அகாடமியைத் தொடங்கிவைத்துப் பேசியபோது, அன்றைய தலைமைத் தளபதி பிலிப் செட்வோட் இளம் அதிகாரிகளுக்கு ஒரு வரிசையை வகுத்தார். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலமும் முதலில். உன் கீழ் இருக்கும் வீரர்களின் மானமும் நலமும் வசதியும் அடுத்து. உன் சொந்தச் சுகமும் வசதியும் பாதுகாப்பும் கடைசியில். எப்போதும், ஒவ்வொரு முறையும் கடைசியில். பேசியவர் வெள்ளைக்காரர், அது அடிமை நாட்டுப் படை. விடுதலைக்குப் பிறகும் நம் ராணுவம் இந்த வாசகத்தை அழிக்கவில்லை. செட்வோட் பெயரிலேயே நிற்கும் மண்டபத்தில் அது இன்றும் இருக்கிறது. நம் பரங்கிமலை அகாடமியில் பயிலும் இளம் பெண்களும் ஆண்களும் பயிற்சி முடித்துப் போகும்போது எடுத்துச் செல்வதும் இதே வரிசையைத்தான்.

வரிசையைச் சொல்வது எளிது. அதன்படி நடந்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை 1780 செப்டம்பர் 30 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் இரண்டு கம்பெனிகளோடு பிறந்தது. பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. தரைப்படை முழுக்க இவர்களை அழைக்கும் பெயர் "தம்பி". பதவிப் பெயரோ பட்டமோ இல்லாமல், வீட்டில் கூப்பிடும் முறையிலேயே ஒரு படைக்குப் பெயர் நிலைத்திருப்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி. இந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். அந்தக் காலத்தில் திருவொற்றியூரும் அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகே கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்தது அவருடைய குழு. ஒருவர் கால் பட்டு வெடி கிளம்பியது. அது வெடிக்கும் முன் கிடைத்தது ஓரிரு நொடி. சுபேதார் அதன்மேல் விழுந்து தன் உடலால் மூடிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. அந்த ஓரிரு நொடியில் எவராலும் எதையும் யோசித்து முடிவெடுக்க முடியாது. பல வருடம் கேட்டுக் கேட்டு, செய்து செய்து உடம்பில் இறங்கிய வரிசைதான் அங்கே வேலை செய்தது. சுருக்கமான வாசகங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கும் பயிற்சிமுறைக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இறந்தவனைப் பற்றியும் அளந்து பேசுவது தமிழ் மண்ணில் பழைய வழக்கம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல் தமிழ் பிராமியில் எழுதப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஊர் கூடல். செத்தது ஆகோள் பூசலில். பெயர் தீயன் அந்துவன். இது அவன் கல். அவ்வளவுதான் அதில் உள்ள செய்தி. வீரம் என்ற சொல்கூட இல்லை. அவன் மாடு கவரப் போனவனா, மீட்கப் போனவனா என்பதைக்கூடக் கல் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் அவனை மறக்கவில்லை.

பட்டாளத்து வாசகம் ஒன்று தொழிற்சாலை வழியாகவும் வடசென்னைக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் என்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த நிறுவனம், அந்த ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டு சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் செய்தது. துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது அதன் விளம்பர வாசகம், பீரங்கிதான் சின்னம். 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்குப் புல்லட் வண்டிகளைத் தேர்ந்தெடுத்தது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்ட் இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூர் வண்டி செய்துகொண்டே இருந்தது. பெட்ரோல் டேங்க்கின் மேல் பொன்னிறக் கோட்டை அளவுகோல் இல்லாமல் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுக்கும் தொழிலாளர்கள் அந்த ஆலையில் இருந்தார்கள். துப்பாக்கி பொய்த்தால் உயிர் போகும், அதனால் அதில் அளவு பிசகக் கூடாது என்ற பொறுப்பை ஒரு வண்டியின்மீது ஏற்றிய வாசகம் அது. ராணுவ இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. படையின் குறிக்கோளும் செயலே அறம் என்பதுதான். இரண்டும் ஒரே குணம்.

இனிக் கடலுக்கு வருவோம். கடலோரக் காவல்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகம் நேப்பியர் பாலத்தருகே இருக்கிறது. "வயம் ரக்ஷாமஹ", நாங்கள் காக்கிறோம் என்பது படையின் வாசகம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் பெரிய பாதிப்பு இல்லை என்றே சொல்லப்பட்டது. அடுத்த நாட்களில் எர்ணாவூர் கரையில் பாறை இடுக்கெல்லாம் கறுப்புக் களி அப்பிக்கொண்டது. உறிஞ்சும் இயந்திரம் கொண்டுவந்தார்கள். குப்பையோடு கலந்து இறுகிவிட்ட எண்ணெய் குழாயில் ஏற மறுத்தது. அப்புறம் வாளிதான். கடலோரக் காவல்படையினர், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் பாறை மேல் வரிசையாக நின்று, கைக்குக் கை வாளி மாற்றி டிரம்மில் கொட்டினார்கள். சட்டை, கையுறை, முழங்கால் எல்லாம் ஒரே கறுப்பு. அந்த வரிசையில் யார் எந்தப் படை, யார் எந்தக் குப்பம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வரிசையில் நின்ற மீனவனுக்கு மார்பில் குத்திக்கொள்ள வாசகம் எதுவும் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகைத் தூக்கிக்கொண்டு நகரத்துத் தெருக்களுக்குள் வந்து முன்பின் தெரியாதவர்களை ஏற்றிப்போனவர்களும் மீனவர்கள்தான். பெயர், உப்பு, கொடி என்ற மூன்றையும் சொல்லாமலே கடைப்பிடிக்கும் மக்கள் காசிமேட்டிலிருந்து காட்டுப்பள்ளி வரை இருக்கிறார்கள். அவர்களிடம் உப்புக் கடன் பட்டிருப்பவர்கள்தான் கணக்கை நேர் செய்யவில்லை.

இதே சாலையில் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் பச்சை வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது: பாதுகாப்பே முதன்மை. பட்டாளத்து வாசகம் போலவே கச்சிதமான இரண்டு சொல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பலகையில் முதன்மை என்று எழுதியிருக்கிறது; யாருக்கு முதலில், யார் கடைசியில் என்று எழுதவில்லை. செட்வோட்டின் வரிசைக்கும் இந்தப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அங்கே பொறுப்பில் இருப்பவன் தன்னைக் கடைசியில் நிறுத்திக்கொள்கிறான். இங்கே பொறுப்பில் இருப்பவர் வாசகத்துக்குள்ளேயே இல்லை.

எண்ணூர், மணலி ஆலை நிர்வாகங்களுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். வாசலில் உள்ள அந்தப் பலகைக்குக் கீழே, ஊர்க்காரர் கண்ணில் படும்படி, தமிழில், இன்னும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: கசிவு ஏற்பட்டால் பக்கத்துக் குப்பத்துக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி, தொலைபேசி எண், எத்தனை நிமிடத்துக்குள் அவர் சொல்வார் என்ற உறுதி. அந்தப் பலகைக்கு அருகிலேயே, ஒவ்வொரு ஷிஃப்டிலும் "ஆல் ஓகே" சொல்லிப் பொறுப்பை ஒப்படைக்கும் முன்னாள் சிப்பாய் நின்றுகொண்டிருக்கிறார். எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை அவரிடமே கொடுக்கலாம்.

(தொடரும்)