மச்சை அறையாக்கும் முன்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டிய வீட்டை மாற்றிப் பார்ப்பதும் அவற்றிற்குச் சளைத்த வேலையன்று. ஓட்டு வீட்டில் வாழும் ஒரு குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை கல்லூரிக்கு வந்துவிட்டால், "படிக்கத் தனி இடம் வேண்டுமே" என்ற பேச்சு எழுகிறது. புது அறை கட்டக் கையில் பணமில்லை. எல்லோர் கண்ணும் மேலே உள்ள மச்சின்மீது செல்கிறது. நெல்லும் புளியும் பித்தளை அண்டாவும் இருந்த இடத்தில் ஒரு மேசையும் கட்டிலும் போட்டால் என்ன?

கேள்வி நியாயமானதே. ஆனால் மச்சு பொருளுக்காகக் கட்டப்பட்டது; மனிதர் குடியிருக்க அன்று. ஆகவே முதலில் எண்ண வேண்டியவற்றை இங்குக் காண்போம்.

சுமை தாங்குமா?

குடியிருக்கும் அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு இது ஏறத்தாழ 1,900 கிலோ. அதாவது 75 கிலோ நெல் மூட்டைகள் 25!

யங் குணகம் காணும் சோதனையை நாம் செய்திருக்கிறோம். மீட்டர் கோலை இரு கத்தி முனைகளில் வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, இறக்கத்தை நுண்ணோக்கியில் அளக்கிறோம். அதே கோல்தான் நம் வீட்டில் உத்தரமாக நிற்கிறது. நீளம் இரு மடங்கானால் இறக்கம் எட்டு மடங்காகும். கனம், அதாவது மேலிருந்து கீழாக உள்ள அளவு, இரு மடங்கானால் இறக்கம் எட்டில் ஒரு பங்காகும். 2 அங்குலத்துக்கு 4 அங்குலச் சட்டத்தைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் நான்கு மடங்கு விறைப்பாக இருப்பது இதனால்தான். மேலும், உத்தரம் முழுதும் பரவிய சுமையைவிட, அதே சுமை நடுவில் மட்டும் அமர்ந்தால் இறக்கம் 1.6 மடங்கு. மூட்டைகள் சுவரோரம் அடங்கிக் கிடக்கும்; மனிதரோ நடுவில் நடமாடுவர்.

கணக்கு சரியாக இருந்தாலும் மரம் சரியாக இருக்க வேண்டும். சுவருக்குள் புதைந்த உத்தர முனைகளில்தான் மழைநீர் கசிந்து கரையான் பிடிக்கும். அவ்விடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் அந்த மரத்தை நம்பக் கூடாது.

எதை வெட்டக் கூடாது?

தலை இடிக்கிறதென்று, கைமரங்களின் இரு அடிகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தைச் சிலர் அறுத்துவிடுகின்றனர். இது பேராபத்து. கவராயத்தை மேசையில் நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் கால்கள் விரிகின்றன அல்லவா? அவ்வாறே கூரையின் பாரம் கைமரங்களை வெளியே தள்ளுகிறது. அவற்றைப் பிடித்து நிறுத்துவது அந்தச் சட்டமே. அது போனால் சுவர் வெளிப்புறம் சாயும். சரிவுக் கூரை அறைக்குச் சராசரி உயரம் 2.75 மீட்டரும், தாழ்ந்த பக்கத்தில் 2.4 மீட்டரும் தேவை என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. அவ்வளவு உயரமில்லாத மச்சைப் பொருள் வைக்கவே விட்டுவிடுதல் நன்று.

வெப்பமும் காற்றும்

மச்சு இதுவரை கீழறைக்குக் குடையாக இருந்தது. ஓட்டின் சூட்டைத் தான் வாங்கிக்கொண்டது. இனி அச்சூடு படிப்பவர் தலைமேல்! ஓடு 60 டிகிரி செல்சியஸ் சூடேறினால், 33 டிகிரியில் இருந்ததைவிடச் சுமார் 1.4 மடங்கு வெப்பத்தைக் கதிர்வீசும் என்பது ஸ்டீபன் விதியிலிருந்து கிடைக்கும் விடை. ஓட்டின் கீழ் உட்கூரை அமைக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையே காற்று வெளியும், உச்சியில் சூடான காற்று வெளியேறத் திறப்பும் வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல்கள் வேண்டும். மலிவென்று தெர்மோகோல் ஒட்டுவது தகாது. அது எளிதில் தீப்பற்றும்.

இறங்கும் வழி

சாத்திய ஏணி பொருளெடுக்கப் போதும், குடியிருக்கப் போதாது. படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மிகாமலும், கால் வைக்கும் அகலம் 250 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும். கீழே அடுக்களையில் தீப்பிடித்தால் புகை முதலில் நிறைவது மச்சில்தான். ஆகவே ஆள் நுழைந்து வெளியேறத்தக்க சன்னல் ஒன்றேனும் அவசியம். பழைய மின்கம்பிகளையும் மாற்றிவிட வேண்டும்.

ஊராட்சி அல்லது நகராட்சியில் அனுமதி தேவையா என்று கேட்டறிவதும், வீடு பங்காளிகளுக்குப் பொதுவானால் அவர்களின் இசைவைப் பெறுவதும் பின்னாளைய வழக்குகளைத் தவிர்க்கும்.

இவ்வளவையும் பார்த்தபின் ஒரு பொறியாளரிடம் காட்டுவதே முறை. அதற்காகும் செலவு, பல ஆண்டுச் சேமிப்பை வீணாக்குவதைவிட மிகக் குறைவு. நம் வீட்டுப் பெரியவர்கள் "படிச்ச பிள்ளை, நீ சொல்லு" என்று நம்மிடமே கேட்பார்கள். மச்சு தாங்காது என்று தெரிந்தால், அறை நமக்காகவே ஆனாலும், "வேண்டாம்" என்று துணிந்து சொல்வோமாக. ஆய்வகத்தில் கற்றது வீட்டிற்குப் பயன்படும் இடம் அதுவே.