சமையல் மேடையின் விளிம்பு

புனே நகரில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள், சமையல் மேடைக்கு மராத்தியர் வழங்கும் ‘ஓட்டா’ என்னும் பெயரை விரைவில் பழகிக்கொள்கின்றன. மேடைக்கு உரிய கல்லைத் தேர்வதில் நாம் காட்டும் கவனத்தை அதன் விளிம்பில் காட்டுவதில்லை. ஆனால், கல் முதலில் சிதைவது விளிம்பில்தான்.

அறுத்தபடியே விட்ட கூர்முனையில் பித்தளைத் தவலை மோதினால், அடி முழுவதும் ஒரே கோட்டில் விழுந்து கல் சில்லாகப் பெயரும். நடை பழகும் குழந்தையின் நெற்றிக்கும் அம்முனை பகை. ஆகவே, முனையை மழுக்குதல் இன்றியமையாதது.

கல்லின் இயல்பையும் கருதுதல் வேண்டும். கிரானைட் கடினமானது, பலவகை வளைவுகளையும் தாங்கும். ஆந்திரப் பிரதேசத்துக் கடப்பைக் கல்லோ சுண்ணாம்புக்கல் இனம். ஏடு ஏடாகப் பெயரக்கூடியது. புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு குன்றுவது. அதற்கு எளிய வளைவே ஏற்றது.

முழு அரைவட்ட விளிம்பு அழகுடையதே. எனினும், சிந்திய நீர் அவ்வளைவைப் பற்றிக்கொண்டு அடிப்புறம் சென்று, கீழுள்ள மர அலமாரியை நனைக்கும். இட்லி மாவு அரைத்து, நாள்தோறும் மேடையைக் கழுவும் நம் இல்லங்களுக்கு, மேல்முனை வளைந்து கீழ்முனை நேராக நிற்கும் விளிம்பே உகந்தது. அலமாரிக்கு வெளியே கல் நீட்டியிருக்கும் பகுதியின் அடியில், நீளவாக்கில் சிறு காடி ஒன்று வெட்டினால், அதைத் தாண்ட இயலாமல் நீர் அங்கேயே சொட்டிவிடும். சாளரத்தின் மேலுள்ள வெயில் மறைப்பின் அடியில் கொத்தனார் வைக்கும் காடியும் இதன் பொருட்டே.

கல்லைப் பதிக்குமுன் இவற்றைக் கல் பட்டறையில் சொல்லிவிடுதல் நலம். பதித்தபின் அடிப்புறத்தில் காடி வெட்டுதல் அரிது.