கயானா கடற்கரையில் தமிழர்

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள நாடு கயானா. அடிமைமுறை ஒழிந்தபின், 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறுபான்மையினரே; அங்கே அவர்கள் அனைவருக்கும் 'மதராசி' என்றே பெயர். ஒப்பந்தம் முடிந்தும் பலர் ஊர் திரும்பவில்லை.

தலைமுறைகள் மாறியதில் தமிழ் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்தது, வழிபாடு நிலைத்தது. பெர்பீஸ் ஆற்றங்கரையோடு கடலோரமும் சேர்ந்த பெர்பீஸ் பகுதியில் இன்றும் தப்பு அடித்து மாரியம்மனையும் மதுரைவீரனையும் வணங்குகின்றனர். கெங்குவார்பட்டிப் பக்கத்தவர்க்கு இத்தெய்வங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பூசைப் பாடல்களில் தமிழ்ச் சொற்கள் உண்டு. பாடுவோர் பலருக்கு அவற்றின் பொருள் தெரியாது.

பெயர்களும் தங்கின. மேற்கிந்தியத் தீவுகள் அணிக்குப் பந்து வீசிய வீராசாமி பெருமாள் பெர்பீஸ்காரர்.