கடுகு டப்பாவில் இரண்டு நாள்!

எங்கள் வீட்டில் புத்தாண்டுத் தீர்மானங்களுக்கு ஆயுசு பதினாலே நாள்தான். ஜனவரி முதல் தேதி பிறக்கும். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய்விடும்! "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சிரித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் அந்தச் சிரிப்பு நின்றது. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த லேடி டாக்டர், "சர்க்கரை வியாதி இன்னும் வீட்டுக்குள்ளே வரலைம்மா. ஆனா வாசப்படியிலே நிக்குது" என்றார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. என் அம்மா தன் கடைசிக் காலத்தில் பேரக் குழந்தைகளின் முகத்தைக் கையால் தடவித்தான் யார் என்று தெரிந்துகொண்டாள். அவள் பார்வையைக் கொண்டுபோனது இந்த வியாதிதான்.

டாக்டர் தைரியமும் சொன்னார். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், என்னைப்போல் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில், மூன்று வருஷக் கணக்கில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று பழக்கப்படுத்தப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. அடியோடு தடுக்கும் மந்திரமில்லை. ஆனால் வித்தியாசம் சின்னதா என்ன?

விடுவேனா! ஜனவரி ஒன்று முதல் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து ராயப்பேட்டை மணிக்கூண்டு வரை நடை. இனிப்பு அறவே கிடையாது. அரிசிச் சோறு ஒரு வேளை மட்டும். எட்டு நாள் ராணுவ ஒழுங்குதான். ஒன்பதாம் நாள் அத்தைக்கு ஜுரம், நடை நின்றது. பத்தாம் நாளும் அப்படியே. பதினோராம் நாள் அத்தை எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆனால் என் மனசுதான், "அதான் விட்டுப்போச்சே, இனிமே எதுக்கு?" என்றது. பொங்கலன்று இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல். மறுநாள் மிச்சத்தையும் நானே!

ராத்திரி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை அத்தை பார்த்துவிட்டார்.

"ஏம்மா, மாசச் சம்பளத்தைப் பைசா பாக்கியில்லாம பட்ஜெட்லே எழுதிடுவியா? கடுகு டப்பாவிலே கொஞ்சம் போட்டு வைக்கிறே இல்லே? நாளையும் அப்படிப் போட்டு வையேன்."

எனக்குச் சுருக்கென்றது. இவர் இருபத்தைந்து வருஷமாகக் குடும்பம் நடத்திய கணக்கல்லவா!

பிற்பாடு என் மகள் ஒன்றைப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் மரிஸ்ஸா ஷரீஃப், சூசன் ஷூ என்ற இருவர் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி. ஒரு சின்ன வேலையைத் தினம் செய்யவேண்டும் என்று ஒரு வாரத்துக்குக் குறி வைத்தார்கள். ஏழு நாளும் என்றபோது நூற்றுக்கு 21 பேர்தான் குறியை எட்டினார்கள். ஐந்து நாள் போதும் என்றபோதும் 26 பேர்தான். "ஏழு நாள்தான், அவசரத்துக்கு மட்டும் இரண்டு நாள் கையிருப்பு" என்றபோது 53 பேர்! கையிருப்பைச் சட்டென்று எடுக்க மனசு வராதாம். கடுகு டப்பா பணத்தை நாம் லேசில் தொடுவோமா? அதே கதைதான்.

மாட்டுப் பொங்கலன்றே புதுக் கணக்குப் போட்டோம். வாரம் ஏழு நாளும் நடை, டப்பாவில் இரண்டு நாள். எடுத்தால் காலண்டரில் ஒரு சுழி. அடைமழை என்றால் கூடத்திலேயே பத்து நிமிஷம். அதற்குச் சுழி கிடையாது. இனிப்பு பண்டிகைக்கு மட்டும், ஒரு கரண்டி.

வீட்டில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இவருக்குச் சேமிப்பு: வருஷத் தொகை மாறாது, ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாசம் குறைத்து, போனஸ் வரும் மாசம் கூட்டிப் போடலாம். மகளுக்கு, ராத்திரிச் சாப்பாட்டில் கையில் போன் கூடாது. அவளுக்கும் டப்பாவில் இரண்டு ராத்திரி. சித்திரை முதல் தேதி எல்லோரும் உட்கார்ந்து திருத்தினோம். வெயில் ஏறியதால் நான் சமையல் முடித்துக் கிளம்புவது சரிப்படவில்லை. நடை சாயங்காலத்துக்கு மாறியது. நமக்குத்தான் ஜனவரி, தை, சித்திரை என்று மூன்று ஆரம்பங்கள் இருக்கின்றனவே!

ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும், சகோதரிகளே. எல்லாவற்றுக்கும் டப்பா கிடையாது. அத்தையின் பிரஷர் மாத்திரைக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை. என் ரத்தப் பரிசோதனைத் தேதியையும் தள்ளிப்போடுவதில்லை. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது என்பதை முதலிலேயே பிரித்து எழுதிவிடுங்கள்.

போன மாசம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "இன்னும் வாசப்படியிலேதான் நிக்குது. உள்ளே வரலை."

வாசலிலேயே நிற்கட்டும், நான் நடந்துவிட்டு வருகிறேன். இந்த வாரம் டப்பாவில் இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது!